மிஷினுக்குப் போர்த்திய பொன்னாடை

அண்ணாமலை நகர்,
2010, புரட்டாசி, செவ்வாய்க்கிழமை.

என் உடன்பிறந்த தம்பி சுப்புராயனுக்கு அக்காள் சௌந்தரம் ஆசீர்வாதத்துடன் எழுதுவது. செம்மண்டலத்தில் நீயும் மருமகள் மோனிகாவும் நோய் நொடி இல்லாமல் இருக்க வேண்டும் என்று தில்லைக் காளியை வேண்டிக்கொண்டு இந்தப் பேனாவைத் திறந்தேன். இங்கே எல்லாரும் சுகம் என்று எழுதுவதுதான் முறை. முறைக்கு எழுதிவிட்டேன், நீ அதை நம்ப வேண்டாம். உன் முட்டி வலிக்கு அந்தத் தைலம் கேட்கிறதா? போனில் பேசியிருக்கலாமே, எதற்கு அக்காள் தபால் போடுகிறாள் என்று நினைப்பாய். உங்கள் வீட்டுப் போனை எடுப்பது மோனிகா. அவள் "சொல்லுங்க அத்த" என்றாளானால் எனக்கு நாக்கு அண்ணத்தில் ஒட்டிக்கொள்ளும். அதனால் இதை நீ மட்டும் தோட்டத்துப் பக்கம் போய் உட்கார்ந்து படி. நின்றுகொண்டு படிக்காதே, முட்டி தாங்காது.

விஷயம் இதுதான் தம்பி. உன் மகன் விஜயகுமார் மஸ்கட்டிலிருந்து கொண்டுவந்து வைத்துவிட்டுப் போனானே, டிவியில் மாட்டி விளையாடுகிற மிஷின், அது செத்துப்போய்விட்டது. மிஷின் மட்டும் போயிருந்தால் பரவாயில்லை. நம்ம இளமதியின் பெங்களூர் வேலையும் அதோடு போய்விட்டது. இரண்டுக்கும் நான்தான் பக்கத்தில் இருந்தேன்.

முதலிலிருந்து சொல்கிறேன். நான் அஞ்சாம் வகுப்புதான் படித்தவள் என்றாலும் ஒன்றை முன்னே பின்னே மாற்றிச் சொல்லிப் பழக்கம் இல்லை, அது உனக்கே தெரியும். இளமதி கம்ப்யூட்டர் படிப்புக் கடைசி வருஷம் படிக்கிறாள். அவளோடு படிக்கிற ஜோதிலட்சுமியின் அண்ணனுக்குத் தெரிந்தவர் தேவசகாயம் என்று ஒருவர், பரங்கிப்பேட்டைப் பக்கம் சொந்த ஊர், பெங்களூரில் இந்த டிவி விளையாட்டெல்லாம் செய்கிற கம்பெனியில் பெரிய உத்தியோகம். அங்கே ஒரு வேலை இருக்கிறதாம். புதிதாகச் செய்த விளையாட்டைக் கடைக்கு அனுப்புவதற்கு முன்னால் விளையாடிப் பார்த்து, எந்த இடத்தில் மிஷின் மூச்சு வாங்குகிறது, எந்தக் காட்சி அதன் சக்தியைக் கடைசிச் சொட்டு வரைக்கும் பிழிகிறது என்று கண்டுபிடித்துச் சொல்ல வேண்டும். விளையாடுவதற்குச் சம்பளம். இதைக் கேட்டதும் என் மகன் தங்கராசு, இளமதியின் அப்பன், சோற்றில் கை வைத்தபடியே சிரித்தான். பிறகு சொன்னான், "அந்தாளு லீவுல வர்றாருல்ல, வரட்டும். வேல குடுத்தாருன்னா பெங்களூரு. இல்லன்னா விருத்தாசலத்து மாப்பிள்ள வூட்டுக்குச் சரின்னு சொல்லிடுவேன். அப்பறம் எங்கிட்ட மூஞ்சத் தூக்கக்கூடாது." பெண் தலையை ஆட்டினாள்.

பழகுவதற்கு மிஷின் வேண்டும் என்றுதான் உன்னிடம் கேட்டு வாங்கினோம். மோனிகா அதைப் பழைய போர்வையில் சுற்றி, அட்டைப் பெட்டியில் வைத்து, பஸ்ஸில் மடியிலேயே வைத்துக்கொண்டு வந்தாள். பச்சைப் பிள்ளையைக் கூட இப்படி யாரும் கொண்டுவரமாட்டார்கள். வந்ததும் சொன்னாள், "அத்த, எளமதியத் தவர வேற யாரு கையும் இதுமேல படக்கூடாது. தீவாளிக்கு அவுரு வர்றாரு. வந்ததும் முதல்ல இதத்தான் பாப்பாரு, அப்பறம்தான் என்னப் பாப்பாரு." நான் தில்லைக் காளி மேல் சத்தியம் பண்ணாத குறையாகச் சரி என்றேன். அன்றைக்கே தங்கராசும் கீழ வீதியிலிருந்து என்னமோ ஒரு பெட்டி வாங்கி வந்தான். எல்லாவற்றையும் இளமதி கதவைச் சாத்திக்கொண்டு மாட்டினாள். நான் அடுப்படியில் இருந்தேன். வந்து பார்த்தபோது டிவியைச் சுற்றி ஒரே பெட்டியும் ஒயருமாக இருந்தது.

இனிமேல்தான் என் பங்கு. சாயந்திரமானால் ஆஸ்டலிலிருந்து பிள்ளைகள் வர ஆரம்பித்தார்கள். எல்லாம் நல்ல பிள்ளைகள், காலைக் கழுவிக்கொண்டுதான் உள்ளே வருவார்கள். விளையாட்டு நாலைந்து இருந்தாலும் சண்டையெல்லாம் இரண்டுக்குத்தான். ஒன்று மழையில் கார் ஓட்டுவது. இன்னொன்று ஒருத்தன் குதிரையில் ஏறி மலையெல்லாம் சுற்றுவது. இதில் எது மிஷினை ஜாஸ்தி பிழிகிறது என்பதுதான் வழக்கு. பாண்டியன் என்கிற பையன் கார் கட்சி.

"மழத்தண்ணி கண்ணாடில ஒவ்வொரு சொட்டா வழியுது பாரு, அதுலயே மிஷினுக்கு நாக்குத் தள்ளிடும்" என்பான்.

"போடா, உங்காரு ஒரே ரோட்ட சுத்திச் சுத்தி வருது. குதிர போற எடமெல்லாம் புல்லு ஆடணும், நெழலு ஓடணும். குதிர வாலு முடிய ஒண்ணொண்ணா வரையணும், தெரியுமா" என்பாள் ஜோதிலட்சுமி.

"ஒனக்கு வாலு மேலதான் கண்ணு."

"ஒனக்கு வாலு இல்லன்னு பொறாம."

இப்படித் தினமும். இளமதி எந்தக் கட்சியிலும் சேராமல் டிவியையே கண் கொட்டாமல் பார்த்துக்கொண்டிருப்பாள். காது புளித்துப்போய் ஒரு நாள் நான் எழுந்து வந்தேன். "ஏம்ப்பா, ஒருத்தனுக்கு வேலை ஜாஸ்தியாப் போச்சுன்னா என்னா ஆவும்? ஒடம்பு சுடும். கைய வச்சிப் பாத்தா தெரிஞ்சிடப் போவுது. இதுக்கு எதுக்கு இத்தினி சண்ட" என்று கேட்டுவிட்டு மிஷின் பக்கம் போனேன். இளமதி குதித்து வந்து என் கையைப் பிடித்துக்கொண்டாள். மோனிகா போட்ட சட்டம் எனக்கும் அப்போதுதான் நினைவு வந்தது. அவள் என்ன நினைத்தாளோ, கொஞ்சம் யோசித்துவிட்டு, என் கையை எடுத்து அவளே வைத்தாள். "இங்க மட்டும் வையி ஆயா. வேற எதையும் தொடாத" என்றாள். பார் தம்பி, மற்றவர் யாருக்கும் கொடுக்காத உரிமையை எனக்குக் கொடுத்தாள் என்று எனக்குப் பெருமை தாங்கவில்லை.

அந்த மிஷினை நீ உன் வீட்டில் சரியாகப் பார்த்திருக்கமாட்டாய், நான் கூடவே இருந்து பார்த்தவள். நெற்றியில் சிவப்பாக எண் ஓடிக்கொண்டிருக்கும். உள்ளுக்குள் ம்ம் என்று ஒரு முனகல். ஆட்டம் சூடு பிடித்தால் டக்டக்கென்று பல்லைக் கடிக்கும். பாவம், என்ன உழைப்பு. கார் ஆட்டத்துக்குக் கையை வைத்தால் வெந்நீர்ப் பதம். குதிரை ஆட்டத்துக்கு வைத்தால் இட்லிப் பானை மூடி. ஒரு நாள் இல்லை, எந்த நாள் வைத்தாலும் குதிரைதான். பாண்டியன் முகம் தொங்கிப்போகும். "ஆயா, எதுக்கும் இன்னொரு தரம் வச்சிப் பாருங்களேன்" என்று கெஞ்சுவான். "தம்பி, நான் சோத்துப் பதம் பாக்கறதுக்கே ரெண்டாந்தரம் கைய வைக்கமாட்டேன்" என்று சொல்லிவிடுவேன். ஆஸ்டல் முழுக்க என் பேர் பரவிவிட்டது. கடைத்தெருவில் முன்பின் தெரியாத பையன் ஒருத்தன் சைக்கிளை நிறுத்தி, "ஆயா, அந்தத் துப்பாக்கி ஆட்டம் எப்பிடி?" என்று கேட்டான். கொண்டு வா, கையை வைத்துச் சொல்கிறேன் என்றேன். உன் அக்காளுக்கு இந்த வயதில் இப்படி ஒரு மரியாதை கிடைக்கும் என்று யார் நினைத்தார்கள். அந்த மரியாதைக்குத்தான் இப்போது அனுபவிக்கிறேன்.

தேவசகாயம் ஞாயிற்றுக்கிழமை வருகிறேன் என்று சொன்னதும் பிள்ளைகள் எல்லாரும் சேர்ந்து எங்கள் குவார்ட்டர்ஸ் சங்கத்து ஹாலில் நாலு பேர் பார்க்க விளையாடிக் காட்டுவது என்று ஏற்பாடு பண்ணினார்கள். ஹாலைச் சும்மா கொடுத்தவர் சங்கத் தலைவர் ராமாமிர்தம் ஐயா. தங்கமான மனுஷர். ஒரே ஒரு வியாதி, பொன்னாடை போர்த்துவது. கையில் சால்வை இருந்தால் போர்த்தாமல் வீடு திரும்பமாட்டார். போன ஆயுத பூஜைக்குக் குவார்ட்டர்ஸ் போர் மோட்டாருக்குப் போர்த்தினவர் அவர். தண்ணீர்த் தொட்டி திறந்தபோது போர்த்திக்கொள்ள ஆள் வராமல், தொட்டிக்குழாய்க்கே போர்த்தி போட்டோ எடுத்துக்கொண்டார். அந்தச் சால்வை அப்புறம் பிளம்பருடைய பெண் மேல் சுடிதாராகத் திரிந்தது, அது வேறு கதை.

ஞாயிற்றுக்கிழமை சாயந்திரம் ஹால் நிறைந்துவிட்டது. நான் மாம்பழக் கலர் புடவை கட்டிக்கொண்டு முன் வரிசையில் உட்கார்ந்தேன். மேடையில் ஒரு மேஜை, பூப்போட்ட விரிப்பு, பக்கத்தில் பெரிய டிவி. மேஜை மேல் நடுவாக மிஷின், நெற்றியில் எண் ஓட, ராஜா மாதிரி. மற்றப் பெட்டி, ஒயர் எல்லாம் மேஜைக்கு அடியில் விரிப்புக்குள் தள்ளியாகிவிட்டது. இளமதி முதலில் காரை ஓட்டினாள், பிறகு குதிரையில் ஏறினாள். ஒரு வார்த்தை சொல்லக்கூடாது, அப்படிக் கை. தேவசகாயம் முன்னால் சாய்ந்து உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தார். நடுவில் நிறுத்தச் சொல்லிக் கேட்டார், "இந்த ரெண்டுல மிஷின ஜாஸ்தி வேலை வாங்குறது எதும்மா? ஏன்னு சொல்லணும்."

அவர் வந்ததே இந்தக் கேள்விக்காக என்று எனக்குக் கூடத் தெரிந்துவிட்டது. இளமதி வாயைத் திறந்தாள். அப்போது என்னைப் பார்த்தாள். நான் தைரியமாகச் சொல்லு என்று தலையை ஆட்டினேன். வாயை மூடிக்கொண்டாள். பிறகு மெதுவாக, "குதிர சார்" என்றாள். "ஏன்?" என்றார் அவர். பெண் தரையைப் பார்க்கிறாள். எனக்கு இருப்புக் கொள்ளவில்லை, உட்கார்ந்த இடத்திலிருந்தே சத்தமாகச் சொன்னேன், "சூடு." எல்லாரும் சிரித்தார்கள். பாராட்டித்தான் சிரிக்கிறார்கள் என்று நானும் சிரித்தேன். தேவசகாயம் சிரிக்கவில்லை. சரி, மேலே விளையாடும்மா என்றார்.

அந்த நேரம் பார்த்து ராமாமிர்தம் ஐயாவுக்குக் கை அரித்துவிட்டது. சால்வையை உதறிக்கொண்டு தேவசகாயத்தின் முன்னால் போனார். அவர் கூச்சப்பட்டவர் போல, "எனக்கெதுக்குங்க ஐயா, இங்க வேல செய்யறது மிஷின்தானே" என்று மரியாதைக்குச் சொன்னார். இப்படி யாராவது சொன்னால் நீயும் நானும் என்ன பண்ணுவோம், இரண்டு தரம் வற்புறுத்தி அவருக்கே போர்த்துவோம். இந்த மனுஷர், "நூத்துல ஒரு வார்த்த சொன்னீங்க" என்று திரும்பி, நேரே மேடைக்குப் போய், ஓடிக்கொண்டிருக்கிற மிஷினுக்கு நாலு பக்கமும் இழுத்துவிட்டு, மார்கழிக் குளிருக்குப் பிள்ளைக்குப் போர்த்துகிற மாதிரி போர்த்திவிட்டார். ஜரிகை வைத்த கனமான சால்வை தம்பி. கைதட்டல் அடங்கவில்லை.

குதிரை மலையேறிக்கொண்டிருக்கிறது. இளமதி ஒரு கையால் ஆட்டத்தைப் பார்த்துக்கொண்டே இன்னொரு கையால் சால்வையை எடுக்கப் போனாள். இந்த இடத்தில்தான் உன் அக்காள் தன் வாயால் கெட்டாள். "அடியே, பெரியவரு போத்துனத அவுரு கண்ணு முன்னாலயே எடுக்காத, அவமானப்படுத்துன மாதிரி ஆயிடும்" என்றேன். அப்படித்தானே நம் வழக்கம்? போர்த்திக்கொண்டவர்தான் மேடையை விட்டு இறங்கும்போது மடித்துக் கையில் வைத்துக்கொள்ள வேண்டும். மிஷின் எப்போது இறங்கும், எப்படி மடிக்கும் என்று நான் யோசிக்கவில்லை. அவள் கையை எடுத்துவிட்டாள். ராமாமிர்தம் ஐயா மைக்கைப் பிடித்து, உழைப்பின் பெருமை என்று தொடங்கினார். தொடங்கினவர் உழைப்பைப் போலவே ஓயவில்லை. ஒரு வாடை வந்தது. பின்னால் மசால்வடை தீய்கிறது, எண்ணெயை மாற்றாத பாவிகள் என்று நினைத்தேன். சால்வையின் நடுவில் வட்டமாகப் பழுப்பு ஏறியது. அது டிசைன் என்று நினைத்தேன். பிறகு பழுப்பிலிருந்து மெல்லிசாகப் புகை எழுந்தது. அதற்கு மேல் நினைப்பதற்கு ஒன்றும் இல்லை. உள்ளே ஒரு தரம் டக் என்றது. டிவி கறுப்பாகிவிட்டது. குதிரை எந்த மலையில் நிற்கிறதோ தெரியாது.

பாண்டியன் ஓடிப்போய்ப் பிளக்கைப் பிடுங்கினான். ராமாமிர்தம் ஐயா, "உழைச்சே உயிர விட்டுடுச்சு பாத்தீங்களா" என்று அதையும் பேச்சில் சேர்த்துக்கொண்டார். தேவசகாயம் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். "பஸ்ஸுக்கு நேரமாச்சும்மா. பாக்கலாம்" என்றார். பாக்கலாம் என்றால் என்ன அர்த்தம் என்று கல்யாணத் தரகரோடு பழகின எனக்குத் தெரியாதா? இளமதி மேடையிலேயே உட்கார்ந்து முகத்தை மூடிக்கொண்டு அழுதாள். அழுதவள் ஆஸ்டலுக்கு ஜோதிலட்சுமியோடு போய்விட்டாள், இன்னும் வீட்டுக்கு வரவில்லை. செத்துப்போன மிஷினைச் சால்வையோடு அப்படியே சுற்றிக் கொண்டுவந்து பூஜை அலமாரிக்குக் கீழே வைத்திருக்கிறேன். தங்கராசு நேற்று விருத்தாசலத்துக்குப் போன் போட்டான். பேசி முடித்துவிட்டு என்னைப் பார்த்து, "ஏம்மா, அவ வேலைக்குப் பரீட்சையா, ஒனக்கா?" என்று ஒரு வார்த்தைதான் கேட்டான். கையால் அடித்திருந்தால் தேவலை.

ஆகையால் தம்பி, என் வைரத்தோட்டை இந்த வாரம் சிதம்பரத்தில் கொடுத்துவிட்டு, அதே மாதிரி மிஷின் ஒன்று வாங்கித் தீபாவளிக்குள் உன் வீட்டில் சேர்ப்பிக்கிறேன். அது அம்மா எனக்குப் போட்டது, உனக்கும் தெரியவேண்டும் என்றுதான் எழுதுகிறேன். அதுவரைக்கும் மோனிகா கேட்டால், இளமதி இன்னும் பழகிக்கொண்டிருக்கிறாள் என்று சொல். மிஷினுக்குப் பதில் மிஷின் வாங்கிவிடலாம். அந்தப் பெண்ணுக்குப் பதில் சொல்லத்தான் எனக்கு வழி தெரியவில்லை. எது பிழிகிறது எது பிழிகிறது என்று கையை வைத்துப் பார்த்தேனே, கடைசியில் அவளைப் பிழிந்தது நான்தான்.

உனக்கும், உன் முட்டிக்கும், மோனிகாவுக்கும், மஸ்கட்டில் இருக்கிற பிள்ளைக்கும் தில்லைக் காளி துணையிருக்கட்டும். எனக்கு எவ்வளவு செய்ய முடியுமோ அவ்வளவு செய்யட்டும்.

இப்படிக்கு,
உன் அக்காள் சௌந்தரம்.

பின்குறிப்பு: இன்று புதன்கிழமை. நேற்றுத் தபால் பெட்டி வரைக்கும் போக மனசு வராமல் கடிதம் தலையணைக்கடியில் இருந்தது. காலையில் கண்ணாடி முன்னால் சோப்புப் போட்டுத் தோட்டைக் கழற்றிக்கொண்டிருந்தேன். துணி எடுக்க வந்த இளமதி பார்த்துவிட்டாள். எதற்கு என்று கேட்டாள், சொன்னேன். அவள் அப்படியே தரையில் உட்கார்ந்து, "ஆயா, மிஷினுக்கு ஒண்ணும் ஆவல" என்றாள். மிஷின் அன்றைக்கு மேஜைக்கு அடியில் விரிப்புக்குள் குளுகுளுவென்று இருந்ததாம். அன்றைக்கே அவள் கையோடு எடுத்துப்போய், இப்போது ஆஸ்டலில் ஜோதிலட்சுமி அறையில் பத்திரமாக இருக்கிறதாம். மேஜை மேல் ராஜா மாதிரி உட்கார்ந்து பொன்னாடை வாங்கினது ஸ்டெபிலைசர். கரண்ட் ஏறி இறங்கினால் மிஷின் கெட்டுவிடும் என்று தங்கராசு கீழ வீதியில் வாங்கி வந்தது அதுதான். மோனிகாவின் சட்டத்தைக் காப்பாற்றவும் என் மனசைக் காப்பாற்றவும் முதல் நாளே என் கையை அதன் மேல் வைத்துவிட்டாள். பிறகு சொல்ல வாய் வரவில்லையாம்.

அப்படியானால் குதிரை ஏன் சுட்டது என்று கேட்டேன். குதிரையை ஏழு மணிக்கு மேல்தான் விளையாடுவார்கள். அப்போது குவார்ட்டர்ஸ் முழுக்க லைட், மிக்ஸி, டிவி எல்லாம் ஓடும், கரண்ட் இறங்கும், அந்தப் பெட்டி திண்டாடும். நான் இத்தனை நாளும் தீர்ப்புச் சொன்னது குதிரைக்கு இல்லை தம்பி, ஏழு மணிக்கு. அவளுடைய தீர்ப்பு கார்தானாம், ஆரம்பத்திலிருந்தே. வளைவில் எல்லாக் காரும் ஒன்றாகச் சேரும்போது படம் ஒரு கண்சிமிட்டல் தடுக்கி விழுந்து எழுந்திருக்கிறதாம். அவ்வளவு பேர் முன்னால் மாம்பழக் கலர் புடவையில் உட்கார்ந்திருந்த ஆயாவைப் பொய்யாக்க மனசில்லாமல் குதிரை என்று சொல்லிவிட்டாளாம்.

போனைப் போடுடி என்றேன். தேவசகாயம் எடுத்தார். "ஐயா, நான் சூடுன்னு சொன்ன கெழவி பேசறேன். நான் கைய வச்சது மிஷின்ல இல்ல, கரண்டுப் பொட்டியில. பொண்ணு கணக்கு வேற. எம்மூஞ்சிக்காவ மாத்திச் சொல்லிட்டா. அவ கணக்க ஒரு தரம் கேட்டுட்டு அப்பறம் வேணாம்னு சொல்லுங்க" என்றேன். அந்தப் பக்கம் சிரிக்கிறாரா இருமுகிறாரா என்று தெரியவில்லை. "அவகிட்ட குடுங்கம்மா" என்றார். இளமதி கதவைச் சாத்திக்கொண்டு பேசினாள். வளைவு, மழை, கண்ணாடி என்று ரொம்ப நேரம் காதில் விழுந்தது. வெளியே வந்தவள் என் தோட்டைத் தானே எடுத்து எனக்கு மாட்டிவிட்டாள். படிப்பு முடிந்ததும் பெங்களூருக்கு வந்து சேரச் சொல்லிவிட்டாராம். விருத்தாசலத்துக்குத் தங்கராசு இன்னொரு போன் போடவேண்டும், அது அவன் பாடு.

இவ்வளவு எழுதின காகிதத்தைக் கிழிக்க மனசில்லாமல் அப்படியே அனுப்புகிறேன். மேலே உள்ளதெல்லாம் நடக்கவில்லை என்று வைத்துக்கொள். மிஷினை நீயே வந்து வாங்கிப்போ. வரும்போது கடலூரில் நல்ல ஸ்டெபிலைசராக ஒன்று பார்த்து எடுத்து வா, இருந்தது ஜரிகைச் சால்வையோடு சகல மரியாதையும் பெற்றுப் போய்ச் சேர்ந்துவிட்டது. ராமாமிர்தம் ஐயாவிடம் மட்டும் நீ வருவதைச் சொல்லமாட்டேன்.